மேற்குக் கேலரியிலிருந்து ஒரு கால்

பாகூர் கால்பந்து மைதானத்துக்கு மத்தியானமே வந்துவிட்ட ரோஸ்லின், பொழுது சாய்வதற்குள் கிழக்குக் கேலரி முழுக்க வைஃபை பெட்டிகளை மாட்டி முடித்திருந்தாள். மறுநாள் இறுதிப்போட்டி. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இலவச வைஃபை என்று ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்தார்கள்.

“மேக்கால கேலரி சாவி குடுங்க சார்.”

போட்டிச் செயலாளர் அரிகரன் முகம் மாறியது. “அந்தப் பக்கம் வேணாம்மா. பூட்டிக் கெடக்குது.”

ஏன் பூட்டினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போன வருஷம் காற்றில் அந்தக் கேலரியின் கூரை ஷீட் பெயர்ந்து, கரும்பு வெட்டும் ஆதிமூலத்தின்மேல் விழுந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். டவர் திணறி ஒருத்தர் போனும் போகவில்லை. அடியில் கிடந்தபடி ஆதிமூலமும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஆள் பைக்கில் போய்ச் சொல்லி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்தான் தாமதம் என்று சொல்லிவிட்டுக் கமிட்டி கேலரியைப் பூட்டியது. காலனி ஜனங்கள் உட்காரும் இடம் அது ஒன்றுதான். இந்த வருஷம் அவர்கள் வேலி ஓரமாக நின்று பார்த்தார்கள். ரோஸ்லினும் அதே காலனிதான்.

“அங்கதான் சார் மொதல்ல மாட்டியிருக்கணும். குடுங்க.”

சாவியைக் கொடுத்தார். கூட வரவில்லை.

உள்ளே வௌவால் எச்சமும் துருவும் கலந்த நாற்றம். கூரையில் ஷீட் போன இடத்தில் மங்கலாக வானம். படியேறித் தூணில் பெட்டியை மாட்டி, இணைப்பைக் கொடுத்து, மடிக்கணினியைப் பார்த்தாள்.

ஒரு போன் இணைந்திருந்தது.

அவளுடைய போன் பையில் அணைந்து கிடந்தது. அரிகரன் மைதானத்துக்கு அந்தக் கோடியில் நின்றார். இணைந்த போனின் சிக்னலோ முழுசாக இருந்தது. அப்படியென்றால், பக்கத்தில்தான்.

“யாரு?”

மடிக்கணினி வெளிச்சத்தைப் படிகளின் பக்கம் திருப்பினாள்.

திடீரென்று பச்சைக் கரும்பு வாடை. வெட்டின ஈரம் காயாத வாடை. மேல்படியில் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.

“போவ மாட்டுது...”

ரோஸ்லின் மேல்படியை நிமிர்ந்து பார்த்தாள்.

“போவ மாட்டுதும்மா...”

கீழே அரிகரன் ஓடிவந்து நின்றார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், குரல் உடைந்திருந்தது.

“அத ஆஃப் பண்ணிட்டு எறங்கி வந்துரும்மா!”

அவள் கை வயரைப் பிடித்துவிட்டது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அந்த மூச்சு நின்றுவிடும். வீட்டுக்குப் போய்விடலாம்.

கையை எடுத்தாள்.

“பண்ண மாட்டேன்!” கேலரி அதிரக் கத்தினாள். பிறகு இருட்டைப் பார்த்துத் திரும்பினாள். “அண்ணா, லைன் இருக்குது. இப்ப போடுங்க.”

மூச்சு நின்றது.

பத்து நிமிஷம் போயிருக்கும். அப்புறம் கன்னியக்கோயில் ரோட்டுப் பக்கமிருந்து சைரன். நெருங்கி, நெருங்கி, ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது.

ஓட்டுநர் மணிவண்ணன் குதித்து இறங்கினார். “மேக்கால கேலரி, ஷீட்டு வுழுந்து ஒருத்தர் மாட்டிக்கினாருன்னு கால் வந்துதே, ஆளு எங்க?”

அரிகரன் கேலரியைப் பார்த்தபடி பின்வாங்கினார். ரோஸ்லின்தான் இறங்கி வந்து சொன்னாள்.

“அவரு போன வருசமே செத்துட்டாரு.”

“இன்னாம்மா சொல்ற? லைன் இன்னும் கட் ஆவல.” மணிவண்ணன் தன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

இழுத்து விடும் மூச்சு. பிறகு ஒரு குரல், பொறுமையாக.

“வந்துட்டீங்களா?”

மணிவண்ணன் போனைக் கீழே போட்டுவிட்டார். அரிகரன் மட்டும் தரையில் உட்கார்ந்து, “லைன் கெடைக்கலைன்னுதான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்,” என்று முணுமுணுத்தார்.

“என்கிட்ட சொல்லாதீங்க,” என்றாள் ரோஸ்லின். “நாளைக்கு மைக்குல சொல்லுங்க. இந்தக் கதவயும் தொறந்து வுடுங்க.”

மறுநாள் சொன்னார். திறந்தும் விட்டார். ஆதிமூலத்தின் மனைவி காசம்மாள்தான் முதலில் படியேறினாள். காலனியே அவள் பின்னால் ஏறியது. ஆட்டம் முடியும்வரை ஒருத்தர் போனும் திணறவில்லை.

கூட்டம் கலைந்ததும் அரிகரன் மெதுவாக வந்தார். “மேச்சு முடிஞ்சிட்டுது. அந்தப் பக்கத்துப் பெட்டிய மட்டும் கழட்டிடலாமாம்மா?”

“கழட்ட முடியாது சார். அது அங்கயேதான் இருக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை. ஆளில்லாத மேற்குக் கேலரியின் உச்சிப் படியிலிருந்து, வாயில் இரண்டு விரல் வைத்து ஊதினாற்போல, நீளமாக ஒரு விசில் வந்தது.