சிப்பித்துறை எண்ணெய்

கல்லறைத் திருநாளன்று சிப்பித்துறையில் யாரும் மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்று உத்தரவு. போட வைத்தவன் வேறு யாருமில்லை, அதே ஊர்க் கஸ்பார்தான். எண்ணெய்க் கிணற்றின் தலைமை வேதியியலாளன்.

"பெத்த மக கல்லறைக்கே வெளிச்சம் வைக்க மாட்டானாம், இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்று கோயில் வாசலில் திட்டித் தீர்த்தார்கள்.

அவன் மனைவி பிலோமினா மெழுகுவத்திகளை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். மகள் ஜெசிந்தா மூளைக்காய்ச்சலில் போனபின் வரும் முதல் கல்லறைத் திருநாள் இது.

கடலடியில் புதைந்த பாசி எண்ணெயாக மாறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். காரணம் கிளர்வு ஆற்றல். வினை நடக்க ஏறித் தாண்ட வேண்டிய மேடு அது. பூமியின் சூடு அவ்வளவு மெதுவாகத்தான் அதைத் தாண்ட வைக்கும். கஸ்பார் கண்டுபிடித்த 'விரைமுதிர்ப்பி' என்ற வினையூக்கி அந்த மேட்டையே தாழ்த்திவிட்டது. ஆழ்துளையில் இறக்கினார்கள், அடுத்த மழைக்குள் பாறையிலிருந்து எண்ணெய் கசிந்தது. அதைச் சுத்திகரித்து ஊரிலுள்ள வண்டி, படகு எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியதும் இதே ஊர்தான்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்பே கஸ்பார் வண்டியை ஓரங்கட்டினான்.

"இறங்காத பிலோமி. அங்க மண்ணு முழுக்க எண்ணெய். ஒரு பொறி போதும்."

"பாறைதானே எண்ணெய் விடும்னீங்க?"

"கிணத்துல இறக்குன மருந்து நிலத்தடித் தண்ணியில கலந்து மேல வந்துருச்சு. பாசி, வேரு, இலைன்னு அதுக்குப் பேதம் தெரியாது. செத்த உயிரா இருந்தா போதும்."

"அப்போ நம்ம புள்ள?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் தொலைங்களேன்!"

"கிணத்து எண்ணெயைச் சோதிச்சேன். பழைய பாறை எண்ணெயில கதிர்க்கரி, அதாவது கதிர்வீசுற கார்பன், துளிகூட மிஞ்சாது, எப்பவோ அழிஞ்சிருக்கும். சமீபத்துல வாழ்ந்ததுலதான் அது இருக்கும்." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். "நிறைய இருந்துச்சு."

"ஐயோ மாதாவே! உடனே நிறுத்துங்க அதை."

"முடியாதும்மா. வினையூக்கி எவ்வளவு வேலை செஞ்சாலும் தீர்ந்துபோகாது. அதுதான் அதோட பெருமைன்னு நானே மேடை மேடையா பேசினேன்."

கஸ்பார் ஸ்டியரிங்கில் தலையை வைத்து வாய்விட்டு அழுதான். பிலோமினாவுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தபடி கேட்டாள்.

"இந்த வண்டிக்கு எண்ணெய் எங்க போட்டீங்க?"

"நம்ம கிணத்துலதான்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் கஸ்பாரின் காதில் விழுந்தது.