ஆளில்லாத வட்டம்

"என் விடைத்தாளை எடுங்க. நான் பார்க்கணும்."

இதைக் கேட்கவே கூடாது என்று அவளிடம் அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம்ம வீட்டுல முதல்ல பட்டம் வாங்கினவ நீ, பாஸானதே பெரிசு, வம்பு பண்ணாதே... ஆனால் மேற்படிப்பு சீட்டுக்கு இரண்டு மார்க் குறைகிறதே!

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நிமிர்ந்தான். அவள் தாளைத் திருத்தியவன். ஜன்னலுக்கு வெளியே மழை... அவன் கண்களிலும் அதே ஈரம். சே, தப்பாகத் திருத்துகிறவனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்?

பக்கத்து நாற்காலியில் மஞ்சள் சுடிதார் ஒருத்தி, கூட வேலை பார்ப்பவள். அவன் பாட்டிலை உரிமையோடு எடுத்துத் தண்ணீர் குடித்தாள். இவளுக்குச் சுருக்கென்றது. பார்த்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை... எனக்கென்ன வந்தது?

தாள் வந்தது. வாக்கியத்தைக் கணமாக, அதாவது 'செட்' வட்டங்களாக, மாற்றும் கணக்குக் கேள்வி. 'ஒருவர் தாமதமாக வந்தால், அவர் வெளியே நிற்பார்.' அன்று யாருமே தாமதமாக வரவில்லை. வாக்கியம் மெய்யா, பொய்யா?

வெளியே நிற்பவர்களுக்குப் பெரிய வட்டம். அதற்குள் தாமதமாக வந்தவர்களுக்குச் சின்ன வட்டம்... அதில் ஒரு புள்ளிகூட இல்லை. 'மெய்' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

"உள்ள ஆளே இல்லியேங்க... எப்படி மெய்யாகும்?" என்றான் அவன்.

"லேட்டா வந்துட்டு வெளியே நிக்காத ஒருத்தரைக் காட்டுங்க. பொய்னு ஒத்துக்கறேன்."

அவன் அந்த வட்டங்களை இன்னொரு தடவை பார்த்தான். மெல்லச் சிரித்தான். "அட... தப்பு என்னோடதுதான்."

"அதை எழுதிக் கொடுங்க."

மஞ்சள் சுடிதார் அவன் கையைப் பிடித்தாள். "லூசா நீ? எழுதினா அடுத்த வருஷம் உன்னைத் திருத்தக் கூப்பிடவே மாட்டாங்க. சத்தமில்லாம ரெண்டு மார்க் போட்டு அனுப்புடா."

'டா'வாம்!

"போட்டுடறேங்க..." அவன் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா? இந்தத் தாளை மூணு தடவை படிச்சேன். இவ்வளவு திமிரா எழுதுறது யாருன்னு பார்க்கணும்போல இருந்துச்சு. பார்த்ததும்... பிடிச்சுப் போச்சு."

"எனக்கும்தான். இவங்க உங்க கையைப் பிடிச்சப்போ பத்திக்கிட்டு வந்துச்சு, போதுமா? ஆனா சத்தமில்லாம போட்டா அது நீங்க போடுற பிச்சை. எனக்கு வேண்டியது என் மார்க்."

"கொஞ்சம் யோசிக்க டைம் குடுங்களேன்..."

"நீங்க யோசிங்க. தேர்வு அதிகாரி ரூம் மாடியிலதானே?"

மறுமதிப்பீடு கேட்டு ஏற்கெனவே எழுதிப் பையில் வைத்திருந்த மனுவை எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டுப் போகத்தான் மனசே வரவில்லை... திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.