துரை துடைத்தெறிந்த டிரைவர்கள்

மூட்டை மூட்டையாக அள்ளி வெளியே கொட்டிய பிறகும் வீடு முன்னைவிட அடைத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? துரைக்கு அன்று மத்தியானம் அப்படித்தான் இருந்தது. பழைய டிரைவர்களை எல்லாம் அழித்துவிட்டு, டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தான். அழிப்பதற்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டியது.

துரை என்பது அவன் பெயரில்லை. அந்த ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவனுக்கு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சூட்டிய பட்டம். மவுஸைப் பிடிக்கும்போதுகூடச் சுண்டுவிரலைத் தூக்கிக்கொள்வான். யாராவது சந்தேகம் கேட்டால், பதில் சொல்லுமுன் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவான். அந்தக் காற்றில் ஒரு பாய்மரக் கப்பல் அக்கரை போய்ச் சேர்ந்துவிடும். உலகத்து மனிதர்களை அவன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். ஒரு பக்கம் அவன். மறுபக்கம் முட்டாள்கள்.

முட்டாள்களில் முதல் நாற்காலி மச்சானுக்கு, அதாவது அவன் பெண்டாட்டியின் அண்ணனுக்கு. எந்தக் கருவி கெட்டாலும், "ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மாப்ளே?" என்று கேட்கும் அந்த மகானுபாவர், காலையில் பைக்கிலிருந்து தலைகுப்புற விழுந்து, இப்போது இதே கட்டடத்தில் ஸ்கேன் மேஜையில் மல்லாந்து கிடந்தார்.

மேஜையிலிருந்த இன்டர்காம் கரகரத்தது. ஸ்கேன் எடுக்கும் பெண்.

"சார், டிஸ்க் ஃபுல்லுன்னே வருது. இடம் இல்லாம மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. உங்க மச்சான் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாரு சார்."

"வாந்தி எடுத்தா தொடைங்கம்மா. டிஸ்க்கை நான் தொடைக்கறேன்."

டிரைவர் என்றதும் ஸ்டியரிங் பிடிக்கிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்று பேச்சை முடித்துக் கொடுக்கும் தரகர். இயந்திரம் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்வதை இயந்திரத்துக்குச் சொல்லும். சென்டரில் முன்பு ஒரு கிழட்டு ஸ்கேனர் இருந்தது. அதை ரம்பத்தால் அறுத்து, பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, அது இருந்த அறையின் கதவையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் துரையின் அறை. இயந்திரம் போயிற்றே தவிர, அதன் தரகர்கள் மட்டும் சென்டர் முழுவதற்கும் பொதுவான டிஸ்கில் குடும்பத்தோடு குந்தியிருந்தார்கள்.

முறை என்று ஒன்று உண்டு. முதலில் கருவியைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். பிறகுதான் டிரைவரை எடுக்க வேண்டும். முறையெல்லாம் முட்டாள்களுக்கு. துரை நேராக ஃபோல்டருக்குள் இறங்கினான். 'இந்தக் கோப்பு உபயோகத்தில் இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் தடுத்தது.

"எவன் உபயோகிக்கிறான்? உன் தாத்தாவா?" என்று அதனிடமே கேட்டுவிட்டு, நிர்வாகி என்ற அதிகாரத்தைக் காட்டி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான்.

அதன் பிறகுதான் இடம் குறைந்தது.

கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். பயனில்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்தான். இடம் ஒரு நொடி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியது. பழைய பதிவுகளை அழித்தான். அதுவும் ஏறி இறங்கியது. பசித்த மாட்டுக்கு முன்னால் வைக்கோலைப் பிரித்துப் போடுகிறவன் மாதிரி அவன் அழித்துக்கொண்டே இருக்க, எதுவோ தின்றுகொண்டே இருந்தது. அப்போதுதான் சுவருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஈரத் துணிகளை அடைத்த சலவை மெஷின் சுழல்வதுபோல ஒரு கனத்த, சோம்பேறிச் சுழற்சி. தொடங்கி, வேகம் பிடித்து, சுவரோடு சேர்த்து வைத்திருந்த டீக் கோப்பையின் கரண்டியை லேசாகக் கிணுகிணுக்க வைத்து, அதே வேகத்தில் நிலைத்துக்கொண்டது.

"லிஃப்ட்" என்றான் துரை, அறையில் யாரும் கேட்காதபோதே. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

எந்தக் கோப்பு வீங்குகிறது என்று தேடிப் பிடித்தான். பெயரில்லாத ஒரு ஃபோல்டர். உள்ளே ஸ்கேன் படங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. படுக்கை வாட்டில் உடம்பை மெல்லிய வட்டங்களாக வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி எடுக்கிற படங்கள். முதலாவதைத் திறந்தான். கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஐந்து கைகள் விரித்த நட்சத்திரம்.

மனித உடம்பில் நட்சத்திரம் எங்கே இருக்கிறது? படித்தவனாயிற்றே, சிரிப்பு வந்தது. சிரித்தபடியே குனிந்து கீழே பார்த்தான்.

அவன் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் அடிக்கால். ஐந்து கைகள். நடுவே தண்டு.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த படம்: இரண்டு பாதங்கள், இடது வலதின் மேல் ஏறியிருந்தது. அவன் அப்படித்தான் வைத்திருந்தான். பாம்பை மிதித்தவன்போலக் காலைப் பிரித்துக்கொண்டான். அதற்கு அடுத்த படத்தில் கால்கள் பிரிந்திருந்தன. பிறகு முழங்கால். இடது முழங்காலில், சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டபோது வைத்த திருகாணி, வெள்ளை வெளேரென்று, மரையோடு தெரிந்தது.

கைபேசி அடித்தது. பெண்டாட்டி.

"என்னங்க, ஸ்கேன் ரூம் வாசல்லயே நிக்கிறேன், அண்ணனுக்கு எடுத்தாச்சா?"

"எடுத்துட்டே இருக்காங்க" என்றான். யாரை என்று அவன் சொல்லவில்லை.

"பேசவே மாட்டேங்குறாருங்க. தலைக்குள்ள ரத்தம் கசியுதோன்னு டாக்டர் பயப்படுறாரு. படம் வந்தாதான் கை வைக்க முடியுமாம். சீக்கிரம் பாருங்க. நீங்கதானே அங்க எல்லாம்?"

நீங்கதானே அங்க எல்லாம். இதைக் கேட்பதற்காகவே கல்யாணம் செய்துகொண்ட ஜென்மம் அது. இன்று அந்த வாக்கியத்தைக் கேட்டு எழுந்து அறை மூலைக்கு ஓடியது. ஏசியின் கீழே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே திரையைப் பார்த்தது. புதுப் படம் விழுந்தது. நிமிர்ந்து நிற்கும் ஒருவனின் மார்பு. முதுகுக்குப் பின்னால் கோடு போட்டதுபோல ஒரு நேர்க்கோடு.

சுவர்.

ஓடிப் பயனில்லை. அறைக்கு வெளியே போனாலும் அங்கேயும் அவன் உடம்பைத்தானே எடுத்துக்கொண்டு போக வேண்டும்! மேஜைக்குத் தாவி மின்கம்பியைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. ஏசி நின்றது. காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக, மேலிருந்து இறங்கியது. தூங்கி எழுந்த வாயின் வாடை. இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது.

தோள் வந்தது. தோளுக்கு மேலே கழுத்து வந்தது. தாடை.

சத்தம் நின்றது.

திரையில் ஒரு பெட்டி: டிஸ்கில் இடமில்லை.

இத்தனை வருஷமாக அவன் கேவலமாகப் பார்த்த அந்த வாக்கியத்தை, இப்போது காதல் கடிதம்போலத் திரும்பத் திரும்பப் படித்தான். இடமில்லை. இனி எடுக்க முடியாது. உடம்பெல்லாம் வேர்வையோடு அவன் நாற்காலியில் சரிந்து, ஊரிலேயே தான்தான் கெட்டிக்காரன் என்று பழையபடி நம்பத் தொடங்கினான். கடைசிப் படத்தில் தாடையெலும்பைச் சுற்றி, ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. படத்தின் கோளாறு என்று முடிவு கட்டினான். கோளாறுகளை முடிவு கட்டுவதில் மன்னன்.

இன்டர்காம்.

"சார், என்னாச்சு? மூச்சு ஒரு மாதிரி இழுக்குது அவருக்கு."

"இடம் வராது."

"ஏதாவது அழிச்சா போதும் சார். ஒரு தலைக்கு எவ்வளவு இடம் வேணும்?"

ஒரு தலைக்கு. துரையின் கை தானாக உச்சந்தலையைத் தடவியது. எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம், புது ஸ்கேனரில், மச்சானின் தலை. இந்தப் பக்கம் தன் தலை. எதற்கு இடம் கொடுப்பது என்று யோசிக்க அவனுக்கு இமை கொட்டும் நேரம்கூட ஆகவில்லை. கடையில் பழம் பொறுக்குகிறவன்கூட இதைவிட அதிகம் தயங்குவான்.

"எதையும் தொடாதீங்க! டிஸ்க் கெட்டுப்போச்சு. வேற சென்டருக்கு அனுப்புங்க."

"வழியிலயே போயிடுவாரு சார்!"

"அனுப்புங்கன்னு சொல்றேன்ல? உங்களுக்கு என்ன தெரியும்?"

கைபேசி அடித்தது, பெண்டாட்டி. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதைக் கவிழ்த்து வைத்தான். வெதுவெதுப்பான காற்று பிடரியில் இறங்கி ஏறியது.

இன்டர்காம் மீண்டும் கரகரத்தது. இந்தத் தடவை அந்தக் குரலில் ஒரு கொண்டாட்டம்.

"சார், கவலைய விடுங்க! எங்க அக்கா கல்யாண வீடியோவை இங்கதான் போட்டு வெச்சிருந்தேன். மூணு நாள் கல்யாணம் சார், மொத்தத்தையும் தூக்கிட்டேன். இடம் எக்கச்சக்கமா இருக்கு! உங்க மச்சானை உள்ள அனுப்புறேன்."

"வேண்டாம்மா, வேண்டாம், தாயே..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

திரையிலிருந்த பெட்டி தானாக மூடிக்கொண்டது. சுவர்கள் இரண்டிலும் சத்தம் தொடங்கியது. ஒரு பக்கம் புது இயந்திரம். மறு பக்கம் அது.

படம் விழுந்தது. மேல் உதடு. சாம்பல் வளையம் தடித்திருந்தது.

படம். மூக்கு. வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி. இன்னொன்று. வரிசையாக.

அண்ணாந்து பார்த்தான். வெறும் கூரை. வெறும் விளக்கு.

படம். கண்கள். அண்ணாந்தவை. புள்ளிகள் பெருத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனாகி, இடைவெளியில்லாமல் சுற்றி நின்றன.

படம். நெற்றி. நடுவில் அவன் மண்டையோடு, கோழிமுட்டைபோல வழவழவென்று. அதைச் சுற்றி, நெருங்கி, முழு வட்டமாக, பற்கள்.