காலைப்பாலுக்கு ஒன்று

மீனாட்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அனுப்பிரியாவுக்கு ஊர் பிடித்துத்தான் இருந்தது. சாயங்கால வெயில் தென்னந்தோப்புகளில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் தூக்குப்போசியில் பாலை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்கு நடந்தார்கள். அதற்கு எதிரிலேயே மெடிக்கல் ஷாப். பல மாதம் பூட்டிக் கிடந்த கடையை இப்போதுதான் திறந்திருந்தார்கள். பார்மசி படித்த அவளுக்கு இதுதான் முதல் வேலை.

கடைக்காரர் மோகனசுந்தரம் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருடக்கணக்காக இங்கே நின்று மருந்து கொடுத்தவருக்குத் தன் கடையைப் பார்க்கவே பயம் போலிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். பால் ஊற்றிவிட்டு ஆட்கள் திரும்பும் நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட வேண்டும்.

வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடையை மூடச் சொல்கிறாரே என்று அனுப்பிரியா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். இறக்கவில்லை.

கரண்ட் போனது.

எதிரே பால்கேன்களின் சத்தமும் நின்றது. மருந்து வாடையை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசம் உள்ளே வந்தது. கறந்த சூடு ஆறாத பாலின் வாசம்.

கவுண்டருக்கு வெளியே ஓர் அம்மாள் நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தூக்குப்போசியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினாள். அனுப்பிரியா செல்போன் வெளிச்சத்தில் படித்துப் பார்த்தாள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட். கொஞ்சம் கூடினாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

"இது வாரத்துக்கு ஒண்ணுதானுங்க. தினமும் போடக் கூடாதுங்க."

அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. பின்னறை வாசலைப் பார்த்தாள்.

முந்தானை நழுவியது.

உதட்டில் தோலே இல்லை. வாய் முழுக்க வெந்த புண்.

அனுப்பிரியா பின்வாங்கி மருந்து அலமாரியில் மோதினாள்.

கரண்ட் வந்தபோது வெளியே யாரும் இல்லை. கவுண்டர் கண்ணாடியில், போசி வைத்த இடத்தில், வட்டமாகப் பால் ஈரம். தொட்டால் சுட்டது.

மோகனசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்து பின்னறைச் சுவரோடு ஒட்டி நின்றார். கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினார். வந்தது கமலாத்தாள், போன வருடம் செத்தவள். இந்த ஊரில் மருந்து வேளையை மணி கணக்கில் சொன்னால் யாருக்கும் ஒட்டாது, பால் வேளையில்தான் சொல்ல வேண்டும். காலைப்பாலுக்கு ஒன்று, சாயங்காலப்பாலுக்கு ஒன்று என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் நாக்குக்கு அதுவே பழகிவிட்டது. கமலாத்தாளின் மருமகள் யோகப்பிரியா பொள்ளாச்சி டாக்டர் சீட்டோடு வந்த அன்றைக்கும், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அதையே சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் நம்பி, வாரத்துக்கு ஒன்று போட வேண்டியதை மாமியாருக்குத் தினமும் இரண்டு வேளை கொடுத்தாள். வாய் வெந்து, தண்ணீர்கூட இறங்காமல் கமலாத்தாள் போய்ச் சேர்ந்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம், தான் சரியாகத்தான் சொன்னதாக அவர் சாதித்துவிட்டார். பழி யோகப்பிரியா தலையில் விழுந்தது. வேண்டுமென்றே கொடுத்துக் கொன்றாள் என்று ஊர் பேசியது. புருஷன் கௌசிக் குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை எருத்தேன்பதிக்கு, அம்மா வீட்டுக்கே விரட்டிவிட்டான்.

"நீங்க உண்மையச் சொன்னா அந்தப் புள்ளைக்குக் கொழந்தை திரும்பக் கிடைக்குமுங்களே" என்றாள் அனுப்பிரியா.

"சொன்னா லைசென்ஸ் போயிருமுங்க அம்மிணி. உள்ள தள்ளிப்போடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடை போனா உங்க வேலையும் போயிரும். நீங்களும் வாயத் தொறக்காதீங்க."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரிலிருந்து அம்மா போன் செய்து வேலை எப்படி என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

மறுநாள் அவள் வந்தபோது கடை முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. மோகனசுந்தரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாய் முழுக்க வெந்த புண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். நாக்கு அசையவில்லை.

வழியிலேயே உயிர் போய்விட்டது என்று மத்தியானம் சேதி வந்தது.

அவர் தப்பை ஒத்துக்கொண்டதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். யார் நம்பப் போகிறார்கள், நமக்கெதற்கு வம்பு என்று பையை எடுத்துக்கொண்டு சித்தூர் பஸ்ஸுக்கு நின்றாள். சொசைட்டிக்கு ஆட்கள் போக ஆரம்பித்திருந்தார்கள். பஸ் வந்தது. படியில் காலை வைத்தாள்.

நாக்கு நுனியில் சுருக்கென்றது.

விரலால் தொட்டுப் பார்த்தாள். சின்னதாக ஒரு கொப்புளம்.

பால் வாசம் அடித்தது.

காலை இறக்கினாள். பஸ் போய்விட்டது. நின்றிருந்த ஆட்டோவுக்கு ஓடினாள். நாக்கு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முதலில் யோகப்பிரியாவிடம், பிறகு கௌசிக்கிடம், பிறகு போலீஸிடம்.

"எருத்தேன்பதிக்குப் போங்க. சீக்கிரமுங்க."

டிரைவர் ரத்தினசாமி கண்ணாடியைத் திருப்பி அவள் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார்.

"ரோடு பூராக் குழியுங்க. அந்தம்மாளைப் போசிய மடியில வெச்சுக்கச் சொல்லுங்க, பால் சிந்துது."