ஒரு தாள் தூரம்

சிவப்புச் சட்டை வெளுத்திருந்தது.

காபி டம்ளரை நீட்டும்போதுதான் வித்யாஸ்ரீ அதைக் கவனித்தாள். நேற்று இரவு இஸ்திரி போட்டபோதுகூடக் குங்குமம் மாதிரி இருந்த சட்டை. இப்போது பாலில் கரைத்த ரோஜா நிறத்தில், உள்ளே ஒரு மெல்லிய நீலத்தோடு, விக்ரமனின் தோளில் கிடந்தது.

“இன்னாங்க இது, ஒரு தடவதான் தோய்ச்சேன். அதுக்குள்ள சாயம் போயிடுச்சு?”

“நம்ம கடைச் சரக்கையே குறை சொல்றியா? வெளிய சொல்லிடாத தாயே, பொழப்பு போயிடும்.”

செஞ்சிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடையைத் தம்பி வெற்றிவேலிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பான். அந்த ஒரு நாளுக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். திருமணமாகி ஏழு வருடம், இன்னும் அப்படித்தான்.

அவன் குடித்து முடித்து டம்ளரை மேஜைமேல் வைத்தான். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் ‘டங்’ என்று சத்தம் கேட்டது.

காதில் நீர் கோத்திருக்கும் என்று தலையை உதறிக்கொண்டு, கூடத்தை ஒட்டிய தன் வேலை அறைக்குப் போனாள். மேஜைமேல் படம் கிடந்தது. திண்டிவனம் சாலையில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு விடுதிக்காக, பழைய காலண்டர்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் கிழித்து ஒட்டிய செஞ்சிக் கோட்டைக் காட்சி. முன்னால் கருத்த பாறைகள், நடுவில் கிருஷ்ணகிரிக் குன்று, கடைசியில் ராஜகிரி மலை. கிட்டத்தில் இருப்பது அழுத்தமாக, கூர்மையாக இருக்கவேண்டும்; தள்ளிப் போகப்போக வெளுத்து, நீலம் பாரித்து, ஓரம் மங்கவேண்டும். அதற்கு அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் மேலே ஒரு பட்டர் பேப்பர், அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும் மெல்லிய தாள். ஒட்டியதும் நடுவில் காற்று வந்து நின்றதுபோல் ஆகிவிடும்.

மலை எவ்வளவு பெரியது என்று காட்ட அடிவாரத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. எந்தக் காலண்டரிலும் அந்த அளவில் ஆள் கிடைக்கவில்லை. போன வாரம் கோட்டையில் எடுத்த புகைப்படத்திலிருந்து, சிவப்புச் சட்டையோடு நின்ற விக்ரமனையே கத்தரித்து ஒட்டிவிட்டாள். ஒட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது. சிவப்பு தூரத்தில் நிற்காது; முன்னால் துருத்திக்கொண்டு வரும். அதனால் நேற்றுப் பிற்பகல் அவன்மேலும் ஒரு பட்டர் பேப்பர் ஒட்டினாள்.

ஒன்றுதான் ஒட்டினாள்.

இப்போது விரலால் தடவியபோது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஓரங்கள் தட்டுப்பட்டன.

போன் அடித்தது. வெற்றிவேல்.

“அண்ணி, அண்ணன் மலை மேல ஏறிட்டாரா? போன் எடுத்தாரு, ஒரே காத்து சத்தமா கேக்குது.”

“வீட்லதாம்ப்பா இருக்காரு.”

“விளையாடாதீங்க அண்ணி. கத்தறாரு, ஒண்ணுமே புரியல.”

அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். விக்ரமன் கூடத்து நாற்காலியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்த புல்லும் சுட்ட பாறையும் கலந்த வாசனை அவனைச் சுற்றிப் பரவ, பனிக்காலத்து விடியலில் மொட்டை மாடியிலிருந்து தெரியும் ராஜகிரியைப்போல, எங்கே தோள் முடிந்து எங்கே சுவர் தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான். முடி சாம்பலாகியிருந்தது. அவன் உதடுகள் அசைந்து நின்ற பிறகு, ஏதோ ஏரிக்கு அப்பாலிருந்து வருவதுபோல் குரல் வந்தது.

“வித்யா, ஏன் அவ்ளோ தள்ளிப் போற? கிட்ட வா.”

ஓடினாள். கை நீட்டினாள். இரண்டடிதான். எட்டவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். அப்போதும் இரண்டடி. கூடம் முழுக்க நடந்தும், நாற்காலி அதே இரண்டடியில் இருந்தது.

திரும்பிப் படத்திடம் வந்தாள். ஐந்து ஓரங்கள்.

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டாள். மைதா பசையில் பூச்சி அரிக்காமலிருக்க அவளே மயில்துத்தம் கலந்திருந்தாள்; அந்தப் பசை பிடித்தால் விடாது. நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். தாள் வந்தது. கூடவே புகைப்படத்தின் மேல்தோலும் வந்தது. அவனுடைய இடது கை இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம்.

கூடத்தைப் பார்த்தாள். விக்ரமன் எழுந்து நின்றிருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

வலிக்கவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பான். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் உரிக்கத் துணிவில்லை. உரித்தால் கிழிவான். விட்டால் மறைவான். இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் படத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள், இன்னொன்று வந்து படியாமல் இருக்க. கைகளுக்கு அடியில், ஈரமாக, குளிர்ச்சியாக, ஒரு தாள் நகர்ந்தது.

பிறகு இன்னொன்று.

நாலு மணி வெயில் கூடத்தில் பளிச்சென்று விழுந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். சுவர் வெளிர் நீலம். அவனும் வெளிர் நீலம். கண்கள் மட்டும் இரண்டு புள்ளிகளாக அவளையே தேடிக்கொண்டிருந்தன.

பிறகு சுவர் மட்டும்.

“என்னங்க?”

தெருவில் ஒரு பஸ் போனது. குழாயில் தண்ணீர் சொட்டியது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம், காலி நாற்காலியிலிருந்து, வெகு தூரத்துக் குரல்.

“வித்யா... கிட்ட வா.”

போனும் கையுமாக அவன் கடைசியாகச் சொன்னது, மறுபடியும். மலையில் மோதித் திரும்புவதுபோல.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைச் சொன்ன பிறகு அவன் வேறு எதுவும் பேசியிருக்கவில்லை. அவள் தாளை உரித்தபோது எழுந்து நின்றான். வாயைத் திறந்தான்.

அந்தச் சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

படத்தில் கை இல்லாத அந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. காதுகளைப் பொத்தினாள். பொத்திய கைகளுக்குள்ளேயே அது ஆரம்பித்தது. முதலில் கொசுவின் ரீங்காரம் அளவுக்கு. பிறகு தெருமுனையில் யாரோ அலறுவதுபோல. பிறகு வாசலில்.

பிறகு அந்தக் காலி நாற்காலியில்.