ஹெச்.டி. என்று சொன்ன முகம்

கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் ஒரு மச்சம் முளைத்திருந்தது. நேற்று ஸ்டுடியோவில் பார்த்தபோது அது இல்லை. சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார். மச்சம் அங்கேயேதான் இருந்தது.

அந்தமானின் கராச்சர்மாவில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, சுவரின் பூஞ்சை வாடையும் சுவாமி படத்து ஊதுபத்தியும் கலந்து தொண்டையை அடைக்க, டிவி வெளிச்சம் மட்டும் தமிழரசி வீட்டுக் கூடத்தில் நீலமாய் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு மச்சம் இருந்துச்சா மாமா?" என்றாள் தமிழரசி. அம்மா வசந்தகுமாரி செத்தபோது இவளுக்கு ஒரு வயது. இப்போது பதினைந்து. கச்சால் தீவிலிருந்து குடிமாறி வந்த கப்பலில் ஆல்பப் பெட்டிக்குள் கடல்தண்ணி புகுந்துவிட்டது. அம்மாவைப் பார்க்க மிச்சமிருந்தது சிவபிரகாஷ் எடுத்த இந்தக் கல்யாண வீடியோ மட்டும்.

"இருந்திருக்கும்மா. ஹெச்.டி. ஆச்சே, எல்லாம் தெரியும்."

பச்சைப் பொய். அன்றைக்குக் கொண்டுபோன கேமரா ஹெச்.டி.தான். மெமரி கார்டு பந்திவரைக்கும் தாங்காதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று இந்த மகாபுத்திசாலி தரத்தைக் குறைத்து வைத்து, தூரத்தில் நின்றே எடுத்து முடித்தார். அதில் வசந்தகுமாரியின் முகம் நாலைந்து மங்கல் பிக்சல் கட்டங்கள். போன வாரம் அதை சாஃப்ட்வேரில் போட்டுப் பெரிதாக்கினார். நிஜ ஹெச்.டி.யில் கிட்டப் போனால் கேமரா கண்ட முகம் கிடைக்கும். இதிலோ மிஷின் தனக்குத் தோன்றிய கண்ணையும் மூக்கையும் ஒட்டிவைக்கும். யார் பெற்ற பெண்ணோ இந்தத் திரையில் இருப்பவள்!

தமிழரசியின் அப்பா முத்துராஜ் டீ கிளாசோடு வந்து நின்றார். "ஏக்தம் க்ளியரா இருக்கு அண்ணே. பதினாலு வருசத்துல எனக்கே இவ முகம் மறந்துபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவபிரகாஷுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டீ கிளாசை வாங்கிக் கீழே வைத்தார்.

படம் பந்திக்குப் போனது. இலை முன்னால் இருந்த கிழவர் நிமிர்ந்தார். அவர் கன்னத்திலும் மச்சம். சாம்பார் ஊற்றுகிறவனுக்கும் மச்சம். அதே கண். அதே மூக்கு. வரிசை முழுக்க. ஒவ்வொருவராகச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். கேமராவைப் பார்த்தார்கள். இல்லை. சிவபிரகாஷைப் பார்த்தார்கள்.

"அம்மாவை இப்பத்தான் பார்க்குறேன் மாமா," என்றாள் தமிழரசி. அவள் கண்ணுக்குப் பந்தியில் நடந்தது எதுவும் தெரியவில்லை.

சிவபிரகாஷுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அது உங்கம்மா இல்லம்மா. மிஷின் வரைஞ்ச முகம். உங்கம்மா முகத்தை நான் எடுக்கவே இல்ல."

வீடியோவில் மேளம் நின்றது. ரிமோட்டை யாரும் தொடவில்லை.

படம் தானாக மணமேடைக்குத் திரும்பியது. வசந்தகுமாரி முந்தானையை எடுத்தாள். வியர்வை துடைப்பதுபோல நிதானமாக முகத்தைத் துடைத்தாள். மூக்கு போனது. கண்கள் போயின. உதடு போனது. மிஞ்சியது சாம்பல் கட்டங்கள்.

"அம்மா," என்று தமிழரசி கூப்பிட்டாள்.

பதில் சொல்ல வாய் தேடி அந்தக் கட்டங்கள் அசைந்தன.