பேசி முடித்த ஆள்

மராக்கேஷ் சதுக்கத்துக்குள் நுழைந்து கால் மணி நேரம் ஆகியும் ஒருவர்கூடத் தன்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை என்பது கிஸ்லானுக்கு உறைத்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. அங்கே பொழுது சாய்ந்ததும் நூறு சாப்பாட்டுக் கடைகள் முளைக்கும். கடைக்கு இரண்டு பேர் வெள்ளைக் கோட்டோடு வழியை மறிப்பார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயிற்று என்றால் இன்னொரு தரம் சாப்பிட்டால் குறைந்தா போவாய் என்பார்கள். சவ ஊர்வலம் போனாலும் சுமந்து போகிறவர்களை உட்காரச் சொல்லக்கூடிய ஆட்கள்.

"அண்ணே, வாங்கண்ணே! அண்ணி முகம் வாடிப்போச்சு பாருங்க! வயிறு கெட்டா என் வீட்டுல வந்து படுத்துக்கங்க!" முன்னால் போன தம்பதியை ஒருவன் விடாமல் துரத்திக்கொண்டிருந்தான். அவர்கள் நழுவியதும் அடுத்த ஆளுக்காகத் திரும்பினான். வாயைத் திறந்தான். கிஸ்லானைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு தன் செருப்பைப் பார்த்தபடி ஒதுங்கி வழிவிட்டான்.

"என் மூஞ்சியைப் பாத்தா பசி இல்லாதவ மாதிரியா இருக்கு?" என்று கூட வந்த தோழி நவாலிடம் கேட்டாள்.

"உன் மூஞ்சியைப் பாத்து அவனுக்குப் பசி போயிருக்கும்," என்றாள் நவால். பழைய நவால் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

இருவரும் காசாபிளாங்காவில் ஒரே தையல் கூடத்தில் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள். கிஸ்லானுக்குப் பெற்றோர் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. பண்டிகை என்றால் நவால் வீடு, காய்ச்சல் என்றால் நவால் கை கஞ்சி. போன மாசிக் குளிரில் நவாலின் கணவன் ஜவாத் மராக்கேஷுக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பவே இல்லை. அதிலிருந்து எட்டு மாதம் நவால் யாருடனும் பேசவில்லை, கிஸ்லானுடனும்தான். திடீரென்று வியாழக்கிழமை போன் செய்து, "சனிக்கிழமை மராக்கேஷ் போய் நல்லா சாப்பிட்டுட்டு வரலாமாடி?" என்றாள். ஏன் அங்கே, எதற்கு என்று கிஸ்லான் ஒன்றும் கேட்கவில்லை. தோழி திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ரயிலில் ஜன்னல் இருக்கையை அவளுக்கே கொடுத்தாள்.

நத்தை விற்கிற வண்டியின் முன் நின்றார்கள். பெரிய பாத்திரத்தில் அதிமதுரமும் மிளகும் காட்டு ஓமமும் கொதித்து, அந்த ஆவி முகத்தில் படும்போதே தொண்டை இளகியது. கடைக்காரர் ஒரு கிண்ணத்தை நிரப்பி நவாலிடம் நீட்டிவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் மாட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துங்கண்ணே," என்றாள் கிஸ்லான்.

"உனக்கு வேண்டாம், தங்கச்சி."

"ஏன், நான் என்ன பாவம் பண்ணேன்?"

அவர் ஈரத்துணியால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான். "ஒரு கடைக்குப் பேசி முடிச்ச ஆளை இன்னொரு கடை கூப்பிடவும் கூடாது, ஊத்தவும் கூடாது. நாங்க அடிச்சுக்குவோம், திட்டிக்குவோம், அதை மட்டும் மீற மாட்டோம்."

"யாரு பேசி முடிச்சது?"

அவர் நவாலைப் பார்த்தார்.

"ஜவாத் சாப்பிடுற கடை ஒண்ணு இருக்குடி," என்று நவால் அவசரமாகச் சொன்னாள். "நல்லா இருக்கும்னு இடம் சொல்லி வச்சேன். அதுக்கு ஏன் இப்படிப் பாக்குற? வா."

அவள் பின்னால் நடந்தாள் கிஸ்லான். கொழுப்புக் கருகும் புகையும் சீரகத் தூளும் கண்ணைக் கரித்தன. எங்கோ தோல் மேளம் மூன்று தட்டு தட்டி நிறுத்தி மறுபடி தட்டியது. அவித்த ஆட்டுத்தலைகள் வரிசையாக அடுக்கிய கடையைத் தாண்டும்போது அங்கே கத்திக்கொண்டிருந்த நான்கு பேரும் ஒரே சமயத்தில் ஓய்ந்தார்கள். அவள் கடந்ததும் மறுபடி கத்தினார்கள். மனதுக்குள் ஒரு கணக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நவாலுக்கு நத்தைக்காரர் ஊற்றினார். அப்படியானால் பேசி முடித்தது இரண்டு பேருக்கு இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். போனால் இன்னொரு எட்டு மாதம், அல்லது இனி எப்போதுமே நவால் கிடையாது. நடந்தாள்.

கடைசி வரிசையும் முடிந்து விளக்குகள் அற்ற இடத்தில் ஒரு கடை தனியாக இருந்தது. எண் பலகை இல்லை. கூப்பிட ஆள் இல்லை. ஒற்றை எரிவாயு விளக்கு சீறிக்கொண்டிருந்தது. அங்கே புகை வாசனை நின்றுபோய், நனைந்த கம்பளியின் வாசனையும் நெடுநாள் பற்றவைக்காத அடுப்பின் சாம்பல் வாசனையும் இருந்தன. நீளமான பெஞ்சில் எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எட்டுக் கிண்ணங்களிலிருந்தும் ஆவி எழுந்தது. எதிலும் மணமில்லை. கரண்டிகள் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின.

ஓரத்தில் இருந்தவன் முகத்தைத் திருப்பினான்.

"நவால்! ஜவாத்டி! இதோ இருக்காருடி!" சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் கிஸ்லான். எட்டு மாதத் துக்கம் இதோ தீர்ந்தது என்று அவளுக்கே கண் நிறைந்துவிட்டது.

நவால் ஆச்சரியப்படவில்லை.

விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கை வட்ட ரொட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு இருட்டுக்குள் போனது. நவால் அதைப் பிட்டாள். உப்பில் தொட்டாள். கிஸ்லானின் வாய்க்கு நேராக நீட்டினாள். சாப்பிடும் முன் சொல்கிற பிஸ்மில்லாவை யாரும் சொல்லவில்லை.

"என்னடி இது?"

"சாப்பிடு."

எட்டு முகங்களும் பார்த்தன. தன் கையால் ஊட்ட வருகிறவளின் முதல் துண்டை நாலு பேர் முன்னால் தட்டிவிடுவது அவளைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். அப்படித்தான் கிஸ்லான் வளர்ந்திருந்தாள். பயம் ஒரு பக்கம், இந்தக் கூச்சம் ஒரு பக்கம். கூச்சம் ஜெயித்தது. வாயைத் திறந்தாள்.

சாம்பல். நாக்கு முழுக்கச் சாம்பல்.

ஜவாத் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றி எழும்பினான். ஒட்டிய துணியைப் பிய்க்கிற சத்தம் கேட்டது. நவால் அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டாள். அவனுடைய நீண்ட அங்கி முழங்காலுக்குக் கீழே தட்டையாகத் தொங்கி ஆடியது.

கிஸ்லானின் முழங்கால்கள் தாமாக மடங்கின. காலியான இடத்தில் உட்கார்ந்தாள். இடம் சரியாக இருந்தது. பக்கத்திலிருந்தவரின் தோள் வந்து ஒட்டியது. சில்லென்றிருந்தது.

"நவால். என்னை எழுப்பிவிடு."

"எனக்கு வேற ஆள் இல்லடி," என்றாள் நவால். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அக்காவைக் கூப்பிட்டேன். ஏன், எதுக்குன்னு ஆயிரம் கேட்டா. அத்தை மகளைக் கூப்பிட்டேன், புருஷனையும் கூட்டிட்டு வரேன்னா. கேள்வி கேக்காம வர்றவ நீ ஒருத்திதான்."

"நான் உன்னை நம்பித்தானே வந்தேன்!"

"தெரியும். உன்னைத் தேடியும் யாராச்சும் வருவாங்க. வந்து வேற ஆளை உட்கார வச்சா நீ எழுந்துக்கலாம்."

"யாருடி வருவா? எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

நவாலின் முதுகில் இருந்தவன் அவள் காதில் ஏதோ சொன்னான். திரும்பி நடந்தாள். பாரத்தில் கால் தடுமாறியது. விளக்குகள் இருந்த பக்கம் போனதும் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "வாங்கக்கா! அண்ணனை இப்படி இறக்குங்க! சூடா சூப்பு இருக்கு!"

கிஸ்லான் கத்தினாள். வாயிலிருந்து தூள்தான் பறந்தது. மேசையைத் தள்ளினாள். அசையவில்லை. முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. அவளுடைய வலது கை கரண்டியை எடுத்தது. அவள் எடுக்கவில்லை. கை எடுத்தது.

இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கீழே பார்த்தாள்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் இரண்டே கால்கள்தான் இருந்தன. அவளுடைய கால்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்று காலியாகத் தரையில் கிடந்தது. அதிலிருந்த பாதம் மெதுவாகப் பெஞ்சுப் பலகையை நோக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது.